ஃபைரிஷ் மலையில் நாகப்பட்டினத்து வாசல்

அன்பு மகளுக்கு,

ஸ்காட்லாந்தின் இன்வெர்னெஸ்ஸில் இருக்கும்போதே ஒருநாள் ஃபைரிஷ் மலைக்குப் போய் வா. அதன் உச்சியில் நிற்கும் கல் வளைவுகள் நம் நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயலில் கட்டப்பட்டவை என்று சொல்கிறார்கள். 1782இல் கட்டியவர் சர் ஹெக்டர் மன்றோ, இந்தியாவில் ஆங்கிலேயர் படையை நடத்திய ஸ்காட்லாந்துத் தளபதி. அடிவாரத்து நோவார் பண்ணை அவர் குடும்பச் சொத்து. அவரைத் தெரிந்துகொண்டு ஏறினால்தான் அந்தக் கல் பேசும்.

அவர் கைக்குப் பணம் வந்தது நிலத்திலிருந்து அல்ல, வாளிலிருந்து. 1764இல் பக்சார் போரில் வென்றார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், கீழ்ப்படிய மறுத்த தன் படைச் சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட வைத்திருந்தார். 1778இல் மதராஸ் படைத்தலைவராகி, அதே ஆண்டு புதுச்சேரியைப் பிடித்தார்.

1780 செப்டம்பரில், மைசூரின் ஹைதர் அலிக்கு எதிரான போரில்தான் சறுக்கியது. மன்றோவோடு சேர வேண்டிய கர்னல் பெய்லியின் படை வடக்கேயிருந்து வந்துகொண்டிருந்தது, மன்றோ காஞ்சிபுரத்தில் இருந்தார். இடையில் ஒரு பகல் நடை தூரம்தான். ஆனால் படைக்கான அரிசியும் கனத்த பீரங்கிகளும் காஞ்சியில் இருந்ததால், அவற்றை விட்டுவிட்டு நகர அவருக்கு மனம் வரவில்லை. சுமார் ஆயிரம் பேரை மட்டும் பெய்லிக்குத் துணையாக அனுப்பினார். பெய்லியோ 9ஆம் தேதி இரவு நடையைப் பாதியில் நிறுத்தி விடியலுக்குக் காத்திருந்தார். அந்த இடைவெளி ஹைதருக்கும் திப்புவுக்கும் போதுமாயிருந்தது. மறுநாள் புள்ளலூரில் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, படையே அழிந்தது, பெய்லி சிறைப்பட்டார். மன்றோ தன் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். எந்தப் பீரங்கிகளுக்காக நகராமல் இருந்தாரோ, அவையும் கடைசியில் மிஞ்சவில்லை. ஒன்று சேர வேண்டிய இரு படைகளைத் தனித்தனியே விட்டது அவர் தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். கடலில் அட்மிரல் ஹியூஸின் கப்பல்கள், கரையில் மன்றோ. அதன்பின் ஊர் திரும்பி, இந்தியாவில் சேர்த்த செல்வத்தை நோவாரில் கொட்டினார். மலைமேல் வாசல் கட்டியது உள்ளூர் ஏழைகளுக்குக் கூலி தருவதற்காக என்பார்கள். வேலை நாள் கூடட்டுமென்று ஏற்றிய கற்களைத் திரும்ப உருட்டிவிட்டார் என்பது அங்கு வழங்கும் கதை. அதை வரலாறாக எடுத்துக்கொள்ளாதே.

அந்தத் தயாளத்தோடு இதையும் சேர்த்து வைத்துப் பார். 1792இல், பக்கத்திலுள்ள அவரது கில்டர்மோரி நிலம் வெளியூர் ஆட்டுப்பண்ணைக்காரர்களுக்குக் குத்தகைக்குப் போயிருந்தது. தங்கள் மாடுகளின் மேய்ச்சல் பறிபோன குடியானவர்கள் திரண்டு ஆயிரக்கணக்கான ஆடுகளைத் தெற்கே விரட்டினார்கள். அவர்களை அடக்க வந்தது பிரிட்டிஷ் ராணுவத்தின் 42ஆம் படைப்பிரிவு. அதன் கர்னல் பதவி 1787 முதல் மன்றோவிடம்தான் இருந்தது. நிலமும் படையும் ஒரே கையில் இருந்தால் எதிர்த்துக் கேட்பவன் கதி என்ன என்பதற்கு எனக்கு இதைவிடத் தெளிவான சான்று தெரியவில்லை.

போத் ஊருக்குப் போகும் சிறிய சாலையில் கார் நிறுத்துமிடம் உண்டு. ஜூபிலி பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. போய்வர ஆறு ஏழு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் ஆகும். முதல் பாதி பைன் காட்டுக்குள் செங்குத்தான ஏற்றம், மேலே வெட்டவெளி. உச்சி ஏறத்தாழ 450 மீட்டர்தான் என்றாலும் காற்று பலமாக அடிக்கும். காற்றுப் புகாத மேலங்கியும் கணுக்கால் மூடிய காலணியும் போட்டுக்கொள். மேகம் மூடிய நாளில் போகாதே, க்ரோமார்ட்டி கடற்கழி கண்ணில் படாது. வளைவுகளை முன்பக்கமும் பக்கவாட்டிலும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா