உடுமலை ஜென்னை எடைக்குப் போடாதே

பொள்ளாச்சி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் இல்லாமலே வீட்டுக்குள் நடமாடுகிறாள் என்று படித்ததும்தான் எங்களுக்கு நிம்மதி வந்தது. படி ஏறுவதற்கு மட்டும் அவசரப்பட வேண்டாம் என்று சொல். இங்கே எல்லோரும் சுகம். தோப்பில் வெள்ளை ஈ தொல்லை இன்னும் தீர்ந்தபாடில்லை. தென்னை மட்டையெல்லாம் கரி பூசின மாதிரி நிற்கிறது, காய்ப்பும் குறைந்துவிட்டது. சின்னவனுக்கு ஈரோட்டுப் பக்கம் ஒரு இடம் பார்த்திருக்கிறோம். முடிவானதும் முதல் போன் உனக்குத்தான்.

கடிதத்தின் நடுவில் நீ போகிறபோக்கில் எழுதியிருந்த இரண்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். “புது வண்டி சொகுசாத்தான் இருக்கு, ஆனா வண்டி ஓட்டின மாதிரியே இல்ல. வயசாயிடுச்சோ என்னவோ.” அதற்குக் கீழேயே, உடுமலை வீட்டில் நிற்கிற உன் பழைய மாருதி ஜென் காரை எடைக்குப் போட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறாய். முதல் வரிக்குப் பதில் சொன்னால் கேள்விக்கும் சேர்த்துப் பதில் வந்துவிடும். வயசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை மாப்ளே. மாறியது வண்டி. எங்கெங்கே மாறியது என்று விரல் வைத்தே காட்டலாம்.

எடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் ஜென் முக்கால் டன் சொச்சம். நாலு பேர் ஏறி உட்கார்ந்தாலும், உன் புது வண்டி காலியாக நிற்கிற எடைக்கு வராது. அதில் ஏறியிருக்கிற எடை வீண் என்று சொல்லமாட்டேன். மோதினால் உள்ளே இருப்பவர் நசுங்காமல் இருக்கக் கனத்த தகடு வேண்டும், ஏர்பேக் வேண்டும். சத்தம் உள்ளே வராமல் இருக்க அடைப்பு வேண்டும். இதையெல்லாம் சுமக்கப் பெரிய சக்கரமும் பெரிய பிரேக்கும் வேண்டும். ஆனால் எவ்வளவு பெரிய என்ஜின் வைத்தாலும் நேர் ரோட்டில்தான் அந்தக் கனம் மறையும். வளைவில் மூக்கைத் திருப்பும்போது வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். ஜென் நீ நினைத்தவுடன் திரும்பியது.

அடுத்தது ஸ்டியரிங். உன் ஜென் பவர் ஸ்டியரிங் இல்லாத எல்.எக்ஸ். மாடல். நிறுத்தி எடுக்கும்போது தோள் வலிக்கும், உண்மைதான். ஆனால் வண்டி உருள ஆரம்பித்ததும் கனம் போய்விடும். வளைவில் முன் டயர் மேல் பாரம் ஏற ஏற அந்தக் கனம் கைக்குத் திரும்பி வரும். டயர் பிடியை விடப்போகும் நேரத்தில் கை சட்டென்று இலேசாகும். மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருப்பவனுக்கு, மாடு எந்தப் பக்கம் இழுக்கப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமே, அதுதான் இது. இன்றைய ஸ்டியரிங்கில் ஒரு மின்மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. நம் கை கொடுக்கும் முறுக்கை அளந்து மீதிப் பலத்தை அதுவே போடுகிறது. ஒரு விரலில் திருப்பலாம். ஆனால் ரோட்டிலிருந்து கைக்கு வரவேண்டிய சேதியில் பாதி அந்த மோட்டாரோடு நின்றுவிடுகிறது. ஒன்றிரண்டு கம்பெனிகள் இதை நன்றாகவே செய்திருக்கிறார்கள் என்றாலும் பெரும்பாலானதில் கைக்கு ஒன்றும் வருவதில்லை.

ஆக்ஸிலரேட்டரும் அப்படித்தான். ஜென்னில் மிதியிலிருந்து ஒரு கேபிள் நேராகப் போய் என்ஜினுக்குக் காற்று போகிற வாசலைத் திறக்கும். காலை எடுத்தால் அப்போதே மூடும். இப்போது மிதிக்கு அடியில் இருப்பது சென்சார். எவ்வளவு திறக்கலாம் என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. புகையைக் கட்டுக்குள் வைக்க வேண்டியிருப்பதால், காலை எடுத்தபிறகும் பல வண்டிகளில் என்ஜின் சுற்று உடனே இறங்குவதில்லை. கொஞ்சம் தாங்கி நின்றுதான் இறங்கும். உன் புது வண்டி ஆட்டோமேட்டிக், உனக்குத் தெரியாது. பெரியவனுடைய மேனுவலில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அது உறுத்துகிறது. கையும் காலும் சேர்ந்து செய்கிற வேலைக்கு ஒரு தாளம் உண்டு, அது கலைகிறது.

ஜென் சாவி என்னிடம்தானே இருக்கிறது. அவ்வப்போது போய் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறேன். போன தை மாதம் ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு ஆழியாறு வழியாக அட்டகட்டி வரைக்கும் போய்வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். காலை ஏழு மணிக்குள் செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டதால் பஸ்ஸைத் தவிர எதிரே வண்டி இல்லை. வால்பாறை ரோட்டு நாற்பது வளைவையும் நீ மறந்திருக்கமாட்டாய். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எண் போட்ட பலகை வரும். அதைப் பார்த்ததும் மூன்றிலிருந்து இரண்டுக்குக் கொண்டுவர வேண்டும். கிளட்ச்சை மிதித்து, குதிகாலோடு ஒரு சின்ன ரேஸ் கொடுத்து விட்டால் கியர் வெண்ணெயாக விழுகிறது. ஹாரன் அடித்து, இறங்கி வருகிறவன் இல்லை என்று பார்த்து, ஸ்டியரிங்கை முழுக்கச் சுற்றினால் உள்பக்க முன்சக்கரம் ரோட்டின் விளிம்பில் ஓடுகிற கல் நொறுங்குவது கையில் தெரிகிறது. வளைவு முடியும்போது மறுபடி முழு மிதி. அந்தச் சின்ன என்ஜின் இரண்டாம் கியரில் பாடிக்கொண்டே ஏறுகிறது, சத்தம் பாறையில் பட்டு ஜன்னல் வழியாகத் திரும்பி வருகிறது. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் உள்ள தூண்கள் ஒல்லி. அடுத்த வளைவின் மறுமுனை முன்கூட்டியே கண்ணில் படுகிறது. உன் புது வண்டியில் அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு பைக்கே ஒளிந்துகொள்ளும். ஒன்பதாவது வளைவில் நிறுத்தி அணையைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினேன்.

இதில் முக்கியமான விஷயம், அன்றைக்கு வளைவுகளில் முள் நாற்பதைத் தாண்டவே இல்லை. நான் சொல்ல வருவது இதுதான் மாப்ளே. பலம் குறைந்த வண்டியை அதன் முழுப் பலத்துக்கும் ஓட்டலாம். ஊர் ரோட்டிலேயே, யாருக்கும் ஆபத்தில்லாத வேகத்திலேயே ஓட்டலாம். உன் புது வண்டியின் பலத்தில் கால்பங்கைத் தொடுவதற்குள் நூறைத் தாண்டிவிடுகிறது. மீதி முக்கால்பங்கை நீ பார்க்கப்போவதே இல்லை. ஓட்டுகிறவனுக்கு வேலையே வைக்காத வேகத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தால், ஓட்டின மாதிரி எப்படி இருக்கும்?

சோழவரம் ஞாபகம் இருக்கிறதா? யுத்தகாலத்து விமான ஓடுபாதையில் ரேஸ் நடத்துவார்களே, வெயிலில் துண்டைப் போட்டுக்கொண்டு பார்ப்போமே. பிற்பாடு இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்விட்டது. ரேஸ் வண்டி செய்த நம் கோவைக்காரர் கரிவர்தன் அந்தக் காலத்தில் என்ன செய்தார் என்று யோசித்துப்பார். வெளிநாட்டு என்ஜினுக்கு அலையவில்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர், ஊரெல்லாம் ஓடுகிற மாருதி 800 என்ஜினையே எடுத்து, இலேசான ஒற்றை ஆள் வண்டியில் வைத்து ஃபார்முலா மாருதி என்று ஓடவிட்டார். எத்தனையோ பையன்கள் அதில்தான் ரேஸ் பழகினார்கள். என்ஜின் அதேதான், எடை மட்டும்தான் குறைந்தது. செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரை வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

இப்படிச் சொல்வதால் பழசெல்லாம் பொன் என்று நான் நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதே. அம்பாசிடர் உட்கார்ந்து போவதற்கு ராஜா. ஓட்டுவதற்கு அது கடும் உழைப்பு. 2014-இல் அதை நிறுத்தியபோது பலரும் கண்ணீர் விட்டார்கள், எனக்கு அவ்வளவு துக்கம் வரவில்லை. பிரீமியர் பத்மினி கார் வேறு ரகம். ஸ்டியரிங் அடியில் இருக்கிற கியரை இரண்டு விரலால் தள்ளுவதே ஒரு அழகு. முதல் கியர் ஓடும்போது விழாது, கிளட்ச்சை இரண்டு தடவை மிதித்து டபுள் கிளட்ச் போட்டாக வேண்டும். போடத் தெரிந்தவனுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. ஆனாலும் மலை ஏறினால் ரேடியேட்டர் கொதிக்கும், தண்ணீர் கேன் இல்லாமல் கிளம்ப முடியாது. உன் மாமா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நம் சென்னையில் செய்த வண்டி, ஒரு சந்துக்குள்ளேயே முழுக்கத் திரும்பிவிடும். பானெட்டோடு மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும், என்ஜின் முழுக்கக் கைக்கு எட்டும். அதில் ஒரு தடவைகூட உட்காராத இன்றைய பிள்ளைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

என் கணக்கில் நல்ல காலம் என்பது அந்தப் பழைய வண்டிகளுக்கும் இன்றைய வண்டிகளுக்கும் நடுவில். 1993-இல் ஜென் வந்ததே, அதிலிருந்து ஒரு பத்துப் பதினைந்து வருஷம். காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகும், ஏசி போட்டாலும் மலை ஏறும், ஐந்து கியர் உண்டு. அதேசமயம் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வேறொருவர் வந்து உட்காரவில்லை. உன்னுடைய 2001 ஜென் அதற்குள் வருகிறது. பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கிற எம்.பி.எஃப்.ஐ. வந்துவிட்டதால் கார்ப்பரேட்டர் தொல்லை கிடையாது. ஆனால் மிதியில் இன்னும் கேபிள்தான். இந்தச் சேர்க்கை இனிமேல் வராது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2014-இல் கார் பாதுகாப்பைச் சோதிக்கிற குளோபல் என்கேப் அமைப்பு நம் நாட்டுச் சின்னக் கார்கள் ஐந்தை மோதவிட்டுப் பார்த்தபோது ஐந்துமே பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம் வாங்கின. அதற்கும் முந்திய ஜென் எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. மழையில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. ஆகவே தங்கச்சியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும், பேரப்பிள்ளைகளோடு சேலம் வழியாக ஊருக்கு வரவும் புது வண்டிதான். அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஜென் பகல் நேரத்துக்கு, பழகின ரோட்டுக்கு, தனியாகவோ என்னோடோ போவதற்கு.

எடைக்குப் போட்டால் கைக்கு வருவது சொற்பம். வைத்திருக்க ஆகிற செலவையும் சொல்கிறேன். ஆர்.சி. இந்த வருஷம் முடிகிறது. 2022-க்கு முன் புதுப்பிக்க 600 ரூபாய்தான் வாங்கினார்கள், பிறகு 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து இருபது வருஷம் தாண்டின காருக்கு 10,000. அதோடு பசுமை வரி. எஃப்.சி.க்கு வண்டியைக் காட்ட வேண்டும். முடிந்தால் ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லை. வேலை என்று பார்த்தால் பெட்ரோல் போகிற ரப்பர் குழாய் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். இப்போது பங்கில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பரை அது தின்றுவிடும். டைமிங் பெல்ட் மாற்றி எத்தனை வருஷமோ, அதையும் விடக்கூடாது. டயரில் பட்டன் நிறைய இருக்கிறது, ஆனால் ரப்பர் இறுகிப்போய்விட்டது. நாலும் புதுசு போட வேண்டும். பின் பிரேக்கில் வீல் சிலிண்டர் கசிகிறது. மற்ற சாமான் எதுவானாலும் கோவை உக்கடத்தில் தேடினால் கிடைத்துவிடும். இன்ஜின் வேலை ஒன்றும் இல்லை, சைலன்சரில் துளிப் புகை இல்லை. இங்கே பல்லடம் ரோட்டில் ஒரு மெக்கானிக் இருக்கிறார், ஜென் என்றால் மற்ற வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கை வைப்பார். அவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன்.

ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், ஆதார் நகல் மூன்றையும் கொரியரில் அனுப்பு. எஃப்.சி.க்கு நீ ஒருநாள் நேரில் வரவேண்டியிருந்தாலும் இருக்கும். தங்கச்சிக்குத் துணையாக உன் மகள் வந்து இருக்கிற வாரமாகப் பார்த்துத் தேதியை எழுது. இரண்டு நாள் சேர்த்தே வா. அட்டகட்டி வரைக்கும் நீதான் ஓட்டுகிறாய், நான் பக்கத்தில் உட்காருகிறேன்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்