டெல்லிக்குப் போகிற மகளுக்கு

அன்புள்ள தாயி,

ஃபோனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். என் அங்கன்வாடி மையத்துக்கு மே மாத லீவு விட்டிருக்கிறார்கள், எனக்கும் உட்கார நேரம் கிடைத்தது.

முதலில் சாமான் விஷயம். நீ இன்டர்ன்ஷிப்புக்குப் போகிற நிதி ஆயோக், அதுதான் மத்திய அரசுக்குத் திட்ட ஆலோசனை சொல்கிற ஆபீஸ், அங்கே இடமும் இன்டர்நெட்டும் தருவார்கள், லேப்டாப் நாம்தான் கொண்டுபோக வேண்டும் என்றாயே, அண்ணன் தன்னுடையதைச் சரிபண்ணி வைத்திருக்கிறான். காலேஜில் கொடுத்த என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்றையும் பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் பெட்டியில் வைக்காதே, தோளில் போடுகிற பையில் வை. உன் அப்பாவுக்குத்தான் இன்னும் மனசு ஆறவில்லை. குறைந்தது ஆறு வாரம் இருக்க வேண்டும், சம்பளம் கிடையாது என்றால் அது என்ன அரசாங்க வேலை என்கிறார். கேட்டுக்கொண்டே டெல்லி முனிர்க்காவில் பார்த்த ரூமுக்கு அட்வான்ஸும் அனுப்பிவிட்டார். பணத்தை நினைத்து நீ மருகாதே. ஆனால் அவர் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. உன் வகுப்பில் உன்னைவிட நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கையில் காசில்லாமல் டெல்லியில் ஆறு வாரம் தங்க அவர்களில் எத்தனை பேரால் முடியும்? இன்டர்ன்ஷிப் எப்படி இருந்தது என்று அங்கே யாராவது கேட்டால் இதையும் சொல்.

ஜூன் மாத டெல்லி வெயில் நம் ராமநாதபுரத்து வெயில் மாதிரி இருக்காதாம். இங்கே வேர்த்துக் கொட்டும், நாமே தண்ணீரைத் தேடுவோம். அங்கே வறண்ட காற்று, வேர்வை தெரியாது, தாகமும் தெரியாது, திடீரென்று தலை சுற்றும் என்று ராணுவத்தில் இருந்த உன் மாமா சொன்னார். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடி. முனிர்க்காவில் மெட்ரோ ஏறி ஹௌஸ் காஸில் மஞ்சள் லைனுக்கு மாறினால் படேல் சௌக், அங்கிருந்து ஆபீஸ் பக்கம்தான் என்றும் சொன்னார்.

சரி, நான் எழுத உட்கார்ந்ததே வேறு ஒன்றுக்காக. பின்தங்கிய 112 மாவட்டங்களை முன்னேற்றுகிற திட்டத்தைப் பார்க்கிற பிரிவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்றாய். 2018-இல் அந்தத் திட்டம் வந்தபோது தமிழ்நாட்டில் எடுத்தது இரண்டே மாவட்டம், விருதுநகரும் நம்முடையதும். அன்றிலிருந்து மீட்டிங்குக்கு மீட்டிங் "ரேங்க்" என்கிற பேச்சுதான். போன மாதத்தைவிட இந்த மாதம் எவ்வளவு முன்னேறினோம் என்று டெல்லியில் வரிசை போடுகிறார்கள். கலெக்டர் ஆபீஸில் கேட்டால் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், அதாவது சி.டி.பி.ஓ. கேட்பார், அவர் கேட்டால் சூப்பர்வைசர் கேட்பார், கடைசியில் கேள்வி எங்கள் தலையில் வந்து விழும்.

நீ பார்க்கப்போகிற தாளில் "எடை குறைந்த குழந்தைகள்" என்று ஒரு கட்டமும் அதில் ஒரு சதவீதமும் இருக்கும். அது எங்கே பிறக்கிறது என்று உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையாக என் மையத்தின் திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். தொங்குகிற தராசில் பிள்ளையைப் போட்டால் அது வீறிட்டு அழும், காலை உதைக்கும், முள் ஒரு இடத்தில் நிற்காது. அழுகை ஓய்ந்து முள் நிற்கிற வரைக்கும் காத்திருந்து எழுதுகிற அங்கன்வாடிகளும் உண்டு, ஆடுகிற முள்ளை ஒரு குத்துமதிப்பாகப் பார்த்து எழுதுகிறவர்களும் உண்டு. சதவீதத்தில் இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் கரிமூட்டம். கருவேல விறகு வெட்டவும் அதைக் கரியாக்க மூட்டம் போடவும் போகிற குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் போகும். அந்த மாதங்களில் என் பதிவேட்டில் பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது. ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்புக்கு ஊர் திரும்பும்போது பாதிப் பிள்ளைகள் மெலிந்து வரும். நானும் உதவியாளரும் வீடு வீடாகப் போய்த் தூக்கி வந்து எடை போடுவோம். வளர்ச்சி அட்டையில் சரியான எடையைக் காட்டுகிற பச்சைப் பட்டைக்குக் கீழே விழுகிற பிள்ளைகளின் எண்ணிக்கை அந்த மாதம் ஏறும். "ஏன் கூடுகிறது?" என்று மெமோ வராத குறையாகக் கேட்பார்கள். தேடிப் போகாமல் மையத்துக்கு வருகிற பிள்ளைகளை மட்டும் எடை போட்டிருந்தால் கணக்கு அழகாக இருந்திருக்கும். மாதா மாதம் முன்னேற்றத்தைக் கேட்கிற எந்த வரிசைக்கும் இந்தக் கோளாறு உண்டு என்பது என் எண்ணம். ஒரு மாவட்டத்தின் எண் திடீரென்று மோசமானால் அங்கே யாரோ ஒழுங்காகத் தேடியிருக்கலாம் என்றும் யோசி. திடீரென்று நல்லதானாலும் என்ன நடந்தது என்று கேள்.

காலியாக இருக்கிற கட்டத்தையும் சோம்பேறித்தனம் என்று எழுதிவிடாதே. அங்கன்வாடிக் கணக்கு ஏற்றுகிற போஷன் டிராக்கர் ஆப் வந்த பிறகு ஃபோனிலேயே ஏற்றுகிறோம், நோட்டு எழுதுகிற வேலை பாதி குறைந்தது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் சத்துமாவு வாங்குகிற தாயின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும், அதற்கு ஓடிபி வேண்டும், ஓடிபி போகிற ஃபோன் திருப்பூரில் புருஷன் சட்டைப்பையில் இருக்கும். அவர் ஷிஃப்ட் முடிந்து எடுக்கிறவரை அந்தப் பெண் என் வாசலில் பிள்ளையோடு நிற்பாள். டெல்லியில் அது "நிலுவை" என்று தெரியும்.

இதையெல்லாம் போன முதல் நாளே பேசிவிடாதே. முதலில் அவர்கள் சொல்கிற வேலையை முடித்துக் கொடு, ஃபைல்களைப் படி. அங்கே இருக்கிறவர்களும் வேலை தெரிந்தவர்கள்தான், மாவட்டம் பார்த்து வந்த ஐ.ஏ.எஸ்.காரர்கள் பலர் இருப்பார்கள். அறிக்கை எழுதுகிற சமயம் வரும்போது ஒரு பக்கமாவது எண் எப்படிச் சேர்கிறது என்பதைப் பற்றி எழுது. இங்கிலீஷில் எழுத உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. விவரம் வேண்டுமென்றால் என்னைக் கேள், சாயங்காலம் ஃப்ரீயாகத்தான் இருப்பேன்.

ஹிந்தி வரவில்லையே என்று ரொம்பக் குழம்பாதே, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசத் தெரிந்தால் போதும். அப்பத்தா உனக்குப் பருப்புப்பொடி இடித்துக்கொண்டிருக்கிறாள், ஊறுகாய் வேண்டாம் என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன், போன தடவை உன் சுடிதாரெல்லாம் எண்ணெய். மதுரை ஸ்டேஷனுக்கு அப்பாவும் அண்ணனும் வருவார்கள். சம்பர்க் கிராந்தியில் கீழ் பெர்த் கிடைத்திருந்தாலும் வயசானவர்கள் கேட்டால் கொடுத்துவிடு.

இன்னொன்று. நாங்கள் ஏற்றுகிற எடைக் கணக்கு அங்கே கம்ப்யூட்டரில் எப்படித் தெரிகிறது, மையம் வாரியாகத் தெரிகிறதா, மாவட்டமாக மட்டும்தானா என்று பார்த்துச் சொல். ரகசியம், வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தால் வேண்டாம், என்னிடமும் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா