ஓய்வூதிய அலுவலகத்து அம்மையாருக்கும் உடன் நின்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

புதிய நாட்டிற்கு வந்தபின் முதல் மாத ஓய்வூதியம் இன்று காலை என் கணக்கில் வரவாகியிருக்கிறது. இந்தச் செய்திக்காக என்னோடு சேர்ந்து காத்திருந்தவர்கள் நீங்கள் என்பதால், வேறு எந்த வேலையையும் தொடங்குமுன் இந்த மடலை எழுதுகிறேன். நான் ஏன் நாடு மாற வேண்டியிருந்தது, கடைசி மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பவற்றை நீங்கள் உடனிருந்தே அறிவீர்கள். அவற்றைத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

என் நன்றியின் பெரும்பகுதி, உங்களில் எவரும் அறியாத ஒருவருக்கு உரியது. நாடு மாறினாலும் உடல் குறைபாட்டிற்கான என் ஓய்வூதியம் தொடர்ந்து வருமா என்று கேட்க நான் அழைத்த அன்று, ஓய்வூதிய அலுவலகத்தின் தொலைபேசிப் பிரிவில் பணியில் இருந்த அம்மையார் அவர். அவருடைய பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த மடல் அவர் கண்ணில் படுமா என்பதும் தெரியாது. ஆயினும் அவர் செய்ததை எழுதி வைப்பது என் கடமை.

உடல் குறைபாட்டின் பேரில் ஓய்வூதியம் பெறுபவர்களுக்குள் ஓர் அச்சம் எப்போதும் குடியிருக்கிறது. நம் கோப்பை யாரும் எடுக்காத வரையில் பணம் வந்துகொண்டிருக்கும், நாமாகப் போய் ஒரு கேள்வி கேட்டால் கோப்பு மேசைக்கு வரும், மேசைக்கு வந்தால் மறுபரிசோதனைக்கு அழைப்பார்கள், வெளிநாடு போகத் தெம்புள்ளவருக்கு ஓய்வூதியம் எதற்கு என்று கேட்பார்கள் என்றெல்லாம் மனம் தானாகவே அடுக்கிக்கொண்டு போகும். இந்த அச்சத்தால், சட்டப்படி தமக்குள்ள உரிமையைக்கூட விசாரிக்காமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போய், பிறகு பணம் நின்று, பெற்ற தொகையையும் திருப்பிக் கட்டும்படி கடிதம் வந்து அல்லற்படுபவர்களும் உண்டு. அன்று நானும் என் ஓய்வூதிய எண்ணைச் சொல்லாமல், பொதுவாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்றுதான் பேச்சைத் தொடங்கினேன்.

அவர் என் குரலிலேயே எல்லாவற்றையும் புரிந்துகொண்டார் போலும். "எண்ணை இப்போது சொல்ல வேண்டாம் அம்மா. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்பதால் உங்கள் ஓய்வூதியத்துக்கு எந்தக் கெடுதலும் வராது, கேட்காமல் போனால்தான் வரும்" என்றார். எழுதிக்கொள்ளத் தாளும் பேனாவும் இருக்கின்றனவா என்று கேட்டு, நான் எடுத்து வரும்வரை காத்திருந்து, என்னென்ன கேட்டுக் கடிதம் எழுத வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். என் ஓய்வூதியம் எந்தத் திட்டத்தின் கீழ் வருகிறது, அதைப் பெற உள்நாட்டில் குடியிருப்பது நிபந்தனையா, வெளியே தங்குவதற்குக் கால வரம்பு உண்டா, உயிரோடிருப்பதைக் காட்டும் ஆயுள் சான்றிதழையும் மருத்துவ மறுபரிசோதனையையும் அங்கிருந்து எப்படி நிறைவேற்றுவது, இவை எல்லாவற்றுக்கும் பதில் எழுத்தில் வேண்டும் என்று கேட்கச் சொன்னார். தொலைபேசியில் தாம் சொன்னது நாளைக்கு எனக்குச் சான்றாக நிற்காது என்பதையும் அவரே சொன்னார். எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லி, ஒரு சொல்லைத் திருத்தி, அதன் பிறகே விடைபெற்றார்.

அவர் சொன்ன முதல் கேள்வி எத்தனை முக்கியமானது என்பது, வெவ்வேறு நாடுகளில் வாழும் நண்பர்கள் தத்தம் நாட்டு விதிகளை எடுத்துச் சொன்னபோதுதான் விளங்கியது. வேலை பார்த்த காலத்தில் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்ட தொகையின் பேரில் வரும் ஓய்வூதியம் பல நாடுகளில் எல்லை தாண்டியும் வரும். வருமானம் இல்லாதவர்க்கு அரசு தரும் உதவித்தொகை பெரும்பாலும் எல்லையோடு நின்றுவிடும். அமெரிக்காவில் முதல் வகையைப் பெறும் குடிமக்களுக்குப் பெரும்பாலான நாடுகளில் இருந்தாலும் பணம் வருகிறது; இரண்டாம் வகையோ தொடர்ந்து 30 நாட்கள் வெளியே இருந்தால் நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் ஊனமுற்றோர் ஓய்வூதியத்திற்குப் பொதுவாக 12 மாதங்களில் 28 நாட்கள்தான் வரம்பு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயும் இந்த இரு வகைகளுக்கும் இடையே இதே கோடுதான் கிழிக்கப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, 18ஆம் பிரிவில் இடம்பெயரும் சுதந்திரத்தையும் 28ஆம் பிரிவில் சமூகப் பாதுகாப்பையும் பேசுகிறது. ஆனால் இவற்றில் ஒன்றைப் பெற மற்றதை இழக்க வேண்டிய நிலையில்தான் நம்மில் பலர் இன்னும் இருக்கிறோம். அது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். எனக்கு வாய்த்தது முதல் வகை. அதில் என் திறமை ஏதும் இல்லை.

அந்த நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. நோயின் பெயரோடு நிறுத்தாமல், என்னால் எதைத் தனியாகச் செய்ய முடியும், எதற்குத் துணை வேண்டும் என்று விசா அதிகாரிக்குப் புரியும்படி விரிவாக எழுதிக் கொடுத்து, மாத்திரைகளின் வணிகப் பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் பொதுப்பெயரையும் குறித்துத் தந்த மருத்துவருக்கும், சக்கர நாற்காலி பேட்டரியின் மின் கொள்ளளவு எத்தனை வாட்-மணி என்று விமான நிறுவனம் கேட்கும் முன்பே பார்த்து எழுதி வைத்த தம்பிக்கும், பெட்டி கட்டியவர்களுக்கும், கடன் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்காதவர்களுக்கும், இங்கே வாசற்படியில் சாய்தளம் போட்டு எனக்காகக் காத்திருந்த அக்காவுக்கும் அத்தானுக்கும் என் வணக்கம். ஒவ்வொருவருக்கும் தனி மடல் எழுத வேண்டும், எழுதுவேன்.

இருந்தாலும் மனம் அந்த அம்மையாரிடமே திரும்புகிறது. அவர் விதி எதையும் எனக்காக வளைக்கவில்லை. சலுகை எதுவும் தரவில்லை. கேட்பவளைச் சந்தேகத்தோடு பார்க்காமல், கேட்பது சரியான செயல் என்று சொன்னார். அலுவலகப் படிகளில் இத்தனை ஆண்டுகள் ஏறி இறங்கிய எனக்கு, அங்கிருந்து அப்படி ஒரு சொல் வந்தது அதுவே முதல்முறை. தொலைபேசியை வைத்துவிட்டு வெகுநேரம் அழுதேன். அது துயரத்தால் வந்த அழுகை அன்று.

இனி இந்த வழியில் வர நினைக்கும் எவர் என்னிடம் கேட்டாலும், அஞ்சாமல் கேட்கலாம் என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகே விதிகளைப் பற்றிப் பேசுவேன் என்று உறுதி எடுத்திருக்கிறேன். அவர் சொல்லச் சொல்ல எழுதிய அந்தக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. என் பெயரையும் எண்ணையும் நீக்கி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்கள் திட்டத்தின் பெயரையும் போகவிருக்கும் நாட்டையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

நன்றியுடன்,
உங்கள் தோழி