ஒரு மூன்று வருடக் கணக்கு கேட்கிறேன்

செட்டிநாட்டு நகரத்தார் சங்கங்களின் பெரியவர்களுக்கும், ஆச்சிமார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் புள்ளிகளான குடும்பத்தார் எல்லோருக்கும் வணக்கம்.

நான் இந்தப் பக்கத்து ஊர்களில் முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராகவும், அப்புறம் பகுதி சுகாதார செவிலியராகவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர் வெயில் எல்லாம் எனக்குப் பழக்கம். உங்களில் சிலருக்கு முதல் தடுப்பூசி போட்டது என் கையாகக்கூட இருக்கலாம். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு வந்த ஒரு குடும்பத்தார் என்னைத் தேடி வந்தார்கள். "பிரசவ வார்டுக்கு ஏதாவது செய்யணும், என்ன வாங்கித் தரலாம்?" என்று கேட்டார்கள். கட்டில், ஏசி, குழந்தைக்கு வார்மர் என்று கையில் பட்டியலும் வைத்திருந்தார்கள். நல்ல மனசு. ஆனால் எனக்குத் தோன்றியது கடையில் கிடைக்கிற பொருள் இல்லை. அப்போது அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை.

2011இல் ஒரு ராத்திரி. எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. இரண்டாவது பிரசவத்துக்கு ஒரு பெண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்தான் கூட்டிப் போனேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. டூட்டியில் இருந்த நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆன பெண். ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசியைச் சரியான நேரத்தில் போட்டார். நஞ்சுக்கொடியும் விழுந்தது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. வயிற்றில் கைவைத்துத் தேய்த்துப் பார்த்தார், கர்ப்பப்பை இறுகவில்லை. டாக்டருக்குப் போன் போட்டார்.

"சார், பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க."

"சரி, பார்த்துக்கோங்க. ஏதாவதுன்னா சொல்லுங்க."

அவ்வளவுதான் பேச்சு. மறுபடி கூப்பிட்டால் திட்டுவாரோ என்று அந்தப் பெண் இருபது நிமிடம் தயங்கி நின்றார். கதவுப் பக்கம் நின்ற நான் தரையில் கிடந்த பேடுகளைப் பார்த்தேன். எனக்கும் தெரிந்தது. 'வார்டு அவர்களுடையது, நாம் ஏன் தலையிடணும்' என்று நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்த இருபது நிமிடம் இன்றைக்கும் என்னை விடவில்லை. 108 வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றி, கடைசியில் கர்ப்பப்பையை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். அவளுக்கு அப்போது 24 வயது.

அந்த நர்ஸுக்குப் பாடம் தெரியாமல் இல்லை. "சார், இரண்டு பேட் முழுக்க நனைஞ்சிருச்சு. நாடி 120, பிபி 90க்கு 60. கர்ப்பப்பை இறுகலை. 108ஐக் கூப்பிட்டுட்டேன், நீங்க உடனே வாங்க." இதைச் சொல்ல கால் நிமிடம் போதும். ஆனால் இப்படிச் சொல்ல உனக்கு அதிகாரம் இருக்கிறது என்று அவரிடம் யாருமே சொன்னதில்லை. என்னிடமும்தான்.

தமிழ்நாட்டில் இன்று 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. 2018-20 கணக்கெடுப்பின்படி ஒரு லட்சம் குழந்தை பிறந்தால் 54 தாய்மார் இறந்தார்கள். அதே காலத்தில் இந்தியா முழுக்கப் பார்த்தால் அது 97. தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிட்டோம். மிச்சம் இருக்கும் உயிர்கள் இந்த மாதிரி இருபது நிமிடங்களில்தான் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

உங்களில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே தாய் சேய் நலத்துக்கு 1935இலிருந்தே சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தனிப் பிரிவு உண்டு. அந்தத் துறையில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைமைத் திறன் என்பதையும் ஒரு பாடமாகவே வகுத்திருக்கிறார்கள். முதலில் தன்னை நடத்துவது, அப்புறம் கூட வேலை செய்கிறவர்களை, அதற்கப்புறம் ஊரை என்று மூன்று வட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். படித்தபோது எனக்கு உங்கள் பாட்டன்மார் ஞாபகம்தான் வந்தது.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறிய பையன் எடுத்த எடுப்பில் முதலாளி ஆகவில்லை. வட்டிக்கடையில் கடைநிலைப் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்தான். அடுத்தாள் ஆனான். கடையை நடத்தும் மேலாள் பக்கத்தில் இருந்து, ஆளை எப்படி எடைபோடுவது, எப்போது 'முடியாது' என்று சொல்வது என்று மூன்று வருடக் கணக்கில், அதாவது மூன்று வருடம் அங்கேயே இருந்து வேலை பார்க்கும் தவணையில், பார்த்துப் பழகினான். இங்கே ஆச்சிமார் அத்தனை பெரிய வீட்டையும் வரவு செலவையும் தனியாகவே கட்டி ஆண்டார்கள். ஓர் ஆளை எப்படி ஆளாக்குவது என்று உங்களுக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் இளம் செவிலியர் பிள்ளைகளுக்கு அந்த மேலாள் கிடையாது. சேர்ந்த சில வாரத்தில் ராத்திரி டூட்டியில் தனியாக விடப்படுகிறார்கள். கிராம சுகாதார செவிலியர் ஒருவருக்கு ஏறக்குறைய 5000 பேர் கணக்கு. புதன்கிழமை தடுப்பூசி, கர்ப்பிணிகளுக்கான பிக்மி பதிவு, மீட்டிங், ரிப்போர்ட் என்றே நாள் ஓடிவிடுகிறது.

அதனால் கேட்கிறேன். இந்த முறை கட்டடம் வேண்டாம். ஒரு மூன்று வருடக் கணக்குக்குப் பத்து இளம் செவிலியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்ட சுகாதார அலுவலரிடம் முறையாக அனுமதி வாங்கிக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் என்னைப் போல ஓய்வு பெற்ற ஒருவர் மேலாள். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஒன்றின் கூடமான பட்டாலையை மாதம் இரண்டு நாள் திறந்து கொடுங்கள். மதியச் சாப்பாடும் பஸ் காசும் போதும். அங்கே அந்தப் போன் பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசிப் பழகுவோம். ஒருவர் டாக்டராக இருந்து எரிந்து விழ, இன்னொருவர் குரல் நடுங்காமல் நாடியும் பிபியும் சொல்லணும். ஒரு தாய் இறந்துபோனால் அதைப் பற்றி நடக்கும் ஆய்வுக் கூட்டத்தில் யார்மேலும் பழிபோடாமல், நடந்ததை மறைக்காமல் எப்படிச் சொல்வது என்று பேசுவோம். தன் ஊர்ப் பதிவேட்டில் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று எண்ணி எடுத்துப் போய், கிராம சபையில் எழுந்து நின்று கேட்கவும் பழகணும். எங்களில் பாதிப் பேருக்கு அங்கே மைக்கைப் பிடித்தே பழக்கமில்லை.

கோட்டையூர் அழகப்பச் செட்டியார் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். அதில் வந்து உட்கார்ந்து வளரப் போகிற ஆட்களை நினைத்துத்தானே கொடுத்தார். நான் கேட்பது அதில் தூசி அளவு. புள்ளிக்கு ஒரு சிறு தொகை போட்டாலே மூன்று வருடம் ஓடிவிடும்.

அன்றைக்கு டூட்டியில் இருந்த அந்தப் பெண் இப்போதும் பிரசவ வார்டில்தான் இருக்கிறார். இந்த யோசனையைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அக்கா, போன் எப்படிப் பேசணும்கிறதை மட்டும் நான் சொல்லித் தர்றேன்" என்றார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் கொடுங்கள். இரண்டு பேரும் வருகிறோம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற பகுதி சுகாதார செவிலியர்,
காரைக்குடி