படத்தின் அரசியலை வெட்டிவிட்டு முழுப் படம் என்று விற்றது குறித்து

குறைதீர் அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தில் காசு கொடுத்து வாங்கிய 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் சைனா' (1991) என்ற ஹாங்காங் குங்ஃபூ படத்தைப் பற்றி மறுபடியும் எழுதுகிறேன். சாட்டில் கேட்டால் மெயில் அனுப்பச் சொல்கிறார்கள், மெயில் அனுப்பினால் போன் செய்யச் சொல்கிறார்கள். அலுத்துவிட்டது.

சுய் ஹார்க் எடுத்த படம் 134 நிமிடம். நீங்கள் விற்றதில் அரை மணி நேரத்துக்கும் மேல் காணோம். என்னென்ன போயிற்று என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

உங்கள் சேவை மையத்தில் பேசியவர், "ஏணிச் சண்டை இருக்குல்ல சார்? ஜெட் லீ இருக்காருல்ல? அப்புறம் என்ன?" என்று கேட்டார். நான் பதில் சொல்லும்போதே போனை வைத்துவிட்டார்.

அந்த ஏணிச் சண்டை யாரோடு என்று அவருக்குத் தெரியுமா? சீனாவின் ஃபோஷான் நகரத் தெருவில் வித்தை காட்டிச் சில்லறை பொறுக்கும் யிம்மோடு. சோற்றுக்கு வழியில்லாமல்தான் அந்த மனிதர் ரவுடிக் கும்பலோடு சேர்கிறார். அந்தப் பசியை வெட்டிவிட்டால் அவர் வெறும் வில்லன். எவ்வளவு பெரிய குங்ஃபூவும் துப்பாக்கி முன்னால் நிற்காது என்று அவர் குண்டடிபட்டுச் சாகும்போது சொல்வதற்கு அப்புறம் என்ன அர்த்தம்?

படம் தொடங்குவதே அரசியலில்தான். சிங்க நடனத்துக்கு வெடித்த பட்டாசைத் துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்துப் பிரெஞ்சுக் கப்பலிலிருந்து சுடுகிறார்கள். உங்கள் பிரதியில் அது அரைகுறையாக ஓடி முடிகிறது. அமெரிக்கா ஒரு தங்க மலை என்று ஆசை காட்டி ஏழைகளை அங்கே கப்பலேற்றுவதும், பெண்களைக் கடத்துவதும் மருந்துக்கும் இல்லை. வெள்ளைக்காரர் எல்லாரையும் கெட்டவராகக் காட்டும் படமும் இல்லை இது. சாட்சி சொல்ல முன்வரும் பாதிரியாரையும் தூக்கிவிட்டீர்கள். ஜெட் லீ நடித்த நாயகன் வாங் ஃபெய்ஹுங் யாருக்காகச் சண்டை போடுகிறார் என்றே புரியவில்லை.

சினிமா ஆர்வமுள்ள நண்பர்களை வீட்டுக்கு அழைத்து இதைப் போட்டேன். சாதாரண அடிதடிப் படம் என்று சொல்லி எழுந்து போனார்கள். இனி நான் எந்தப் படத்தைச் சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். இந்த நஷ்டத்தை யார் ஈடுகட்டுவது?

தயவுசெய்து முழுப் பிரதியைக் கொடுங்கள். முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். போனை வைத்தவர் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதும் அந்தப் பதிலில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்