பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பு

அன்புள்ள கதிருக்கு,

பிரான்ஸின் வடமேற்கே ரொஸ்காஃபிலிருந்து ஸ்பெயின் எல்லையில் இருக்கும் அந்தாய் வரை, அட்லாண்டிக் கடலோரமாகப் போகும் வெலோதிஸே சைக்கிள் பாதை முழுவதையும் ஓட்டப் போகிறாய். 1,200 கிலோமீட்டருக்கு மேல் வரும். ஏற்றங்களை நினைத்துக் கவலைப்படாதே, பெரிதாக இருப்பது தொடக்கத்தில் வரும் பிரிட்டனி பகுதியில்தான், அங்கும் பாதி தூரம் பழைய ரயில் தடமும் கால்வாய்க் கரையுமாகப் போய்விடும். சைக்கிளுக்கு எமன் பாரமும் மணலும்.

பக்கப் பைகள் எல்லாவற்றையும் பின் கேரியரில் மாட்டிவிடாதே. உன் எடையே பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது. மொத்தம் 15 கிலோ என்றால் 6 கிலோவாவது முன்பக்கம், சக்கர அச்சு மட்டத்துக்குத் தாழ்வாக இருக்கட்டும். ஸ்போக்ஸ் கம்பி ஒரே நாள் பாரத்தில் உடைவதில்லை. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து இறுகி, தொய்ந்து இறுகி, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பில் மாட்டியிருக்கும் வளைவில் அறுந்துபோகும். உடைவதும் பெரும்பாலும் செயின் பக்கத்தில்தான். அங்கே பல்சக்கரத்தைக் கழற்றாமல் புதுக் கம்பி நுழையாது. அதனால் அந்தப் பக்கத்து அளவில் 3 கம்பி (இடப்பக்கத்துக் கம்பியின் நீளம் வேறு, கலந்துவிடாதே), கேசட் என்கிற அந்தப் பல்சக்கரத்தைக் கழற்றும் கருவி, கம்பியை முறுக்கும் நிப்பிள் சாவி மூன்றையும் எடுத்துக்கொள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சக்கரத்தைக் கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்து, பாரத்தோடு 50 கிலோமீட்டர் ஓட்டிப் பார். இரண்டிரண்டு கம்பியாகச் சேர்த்து அழுத்தினால் தளர்ந்தது கையிலேயே தெரியும். போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே, ஞாயிறும் திங்களும் பல சைக்கிள் கடைகள் மூடியிருக்கும்.

கேரியர் போல்ட்டுகளைத் தினமும் காலையில் ஒரு முறை முறுக்கிப் பார். அதிர்வில் அவைதான் முதலில் கழலும்.

மணல் தொல்லை தென்மேற்கே ஜிரோந்து, லாந்து பகுதிகளில் ஆரம்பிக்கும். பைன் காட்டுக்குள் போகும் பாதையில் மேட்டு மணலைக் காற்று கொண்டுவந்து கொட்டும், வளைவுகளில்தான் அதிகம். முன்கூட்டியே கியரைக் குறைத்து, நேராகப் பிடித்து, விடாமல் மிதி. மணலுக்குள் பிரேக் பிடித்தாலோ ஹேண்டில்பாரைத் திருப்பினாலோ முன்சக்கரம் வழுக்கும். ஆழமாக இருந்தால் இறங்கித் தள்ளு, அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அங்கே சில இடங்களில் பாதையே இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் போட்ட ஒடுக்கமான கான்கிரீட். எதிரே சைக்கிள் வந்தால் ஒதுங்க இடமிருக்காது. 40 மில்லிமீட்டர் டயர் போடு. காற்றழுத்தம் பின்னால் 55, முன்னால் 45 பிஎஸ்ஐ போதும். கல்லாக அடித்தால் பைன் வேர் தூக்கிய மேடு ஒவ்வொன்றும் இடுப்பில் இடிக்கும்.

செயினுக்குக் கெட்டி எண்ணெய் விடாதே. மணல் ஒட்டி உப்புத்தாள் மாதிரி பல்லை அராவிவிடும். மெழுகு வகை போதும், ராத்திரி துடைத்துவிட்டு விடு. உப்புக்காற்று பட்ட நாளில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவு, பேரிங் பக்கம் குழாயைப் பீய்ச்சாதே.

வழிகாட்டி, நீலச் சதுரத்தில் மஞ்சள் நட்சத்திர வட்டம், நடுவில் 1. நாந்து நகருக்குப் பிறகு லுவார் ஆற்றோரம் 6 என்ற எண் போட்ட பலகையும் கூடவே வரும். அது கருங்கடல் வரை போகும் பாதை. ஆற்றுக்கு எதிர்த்திசையில் அதைப் பிடித்தால் உன் பயணமே வேறாகிவிடும்! பலகைகள் திருப்பங்களில்தான் இருக்கும். ஒரு சந்திப்பு தாண்டி இரண்டு கிலோமீட்டரில் எதுவும் கண்ணில் படாவிட்டால், கடைசியாகப் பார்த்த பலகைக்கே திரும்பு. வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்.

நுவார்முத்தியே தீவுக்கு ஒரு நடை போக நினைத்தால், குவா என்ற 4 கிலோமீட்டர் சாலை ஒரு நாளில் இரண்டு முறை கடலுக்குள் மூழ்கும். நீர் முழுக்க வற்றும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னும் பின்னும்தான் கடக்க வேண்டும். நேரம் சாலையின் இரு முனையிலும் எழுதியிருக்கும். பாசி வழுக்கும். சந்தேகம் வந்தால் பாலம் இருக்கிறது, அதில் போ. ஜிரோந்து கழிமுகத்தைக் கடக்க ரொயானிலிருந்து வெர்தோனுக்குப் படகில் சைக்கிளோடு ஏறலாம், கடைசிப் படகு போய்விட்டால் அன்றைக்கு ரொயானில்தான் தங்கல்.

இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டாதே. அங்கே அது குற்றம், 135 யூரோ அபராதம். உன்னைத் தெரிந்துதான் சொல்கிறேன். ஊருக்கு வெளியே இருட்டினால் ஒளிரும் மேலங்கியும் கட்டாயம்.

அந்தாயிலிருந்து திரும்பும் டிஜிவி அதிவேக ரயிலில் சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான், தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். டிக்கெட்டை இப்போதே எடு.

அன்புடன்,
அம்மா