பொய் வெள்ளத்துக்கு மெய்யான நேரலைச் சின்னம் எதற்கு? தொலைக்காட்சி நகைச்சுவைப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கும் எழுத்தாளர் குழுவினருக்கும்,

வணக்கம். கார்த்திகை மழை ஓயாமல் பெய்துகொண்டிருந்த அந்த ஞாயிறு இரவு, குளக்கட்டு உடைந்துவிட்டதாக உங்கள் நகைச்சுவை நேரத்தில் ஒளிபரப்பான போலி நேரலையைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஏற்கெனவே பலர் உங்களைத் திட்டியும் வாழ்த்தியும் எழுதியிருப்பார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாடசாலைகளில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து, மேடைகளுக்கு நாடகம் எழுதிப் பழக்கி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த நிகழ்ச்சி நம்பத்தக்க நகைச்சுவையாக நின்றதா என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, உங்களிடம் ஒரேயொரு கோரிக்கையை வைக்க விரும்புகிறேன். உங்கள் செய்திப் பிரிவின் நேரலைச் சின்னத்தையும் அவசரச் செய்திப் பட்டியையும் நகைச்சுவைப் பிரிவு தயவுசெய்து பயன்படுத்த வேண்டாம்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுகிறேன். குடை பிடித்த நிருபர் கலங்கிய நீரில் நின்று குளக்கட்டு உடைந்துவிட்டதாகப் பதறுவதும், படக்கருவி மெல்லப் பின்வாங்க வாங்க, அந்தக் குளம் ஒரு வீதியின் நடுவில் கிடக்கும் குழிதான் என்று தெரியவருவதும் அருமையான கற்பனை. மாரி காலத்தில் எங்கள் வீதிகளில் சைக்கிள் ஓட்டிய எவருக்கும் அது உறைக்கும். அந்தக் குழிக்கு வான்கதவு பொருத்தலாம் என்று ஓர் அதிகாரி பரிந்துரைப்பதும், அதில் மீன் பிடிக்க அனுமதி கேட்டு ஒருவர் விண்ணப்பத்தோடு வந்து நிற்பதும் இன்னும் அருமை. ஆனால் குழி தெரியவந்தது முதல் இந்தச் சிரிப்பெல்லாம் விளம்பர இடைவேளைக்குப் பிறகல்லவா வந்தது? இடைவேளைக்கு முன்னர் நாங்கள் பார்த்தது உங்கள் வழமையான செய்தி மேசையை, வழமையான செய்தி வாசிப்பாளரை, நீரில் நின்று பதறிய நிருபரை, மூலையில் வழமையான சிவப்புச் சின்னத்தை, கீழே தாழ்நிலப் பகுதி மக்கள் உடனடியாக வெளியேற வேண்டும் என்று ஓடிய பட்டியை. அந்தப் பகுதி முழுவதிலும் சிரிப்பதற்கு ஒரு சொல்கூட இருக்கவில்லை. நம்பியவர்கள் இடைவேளைக்கு முன்பே எழுந்து ஓடிவிட்டார்கள். சிரிக்க வேண்டிய இடம் வந்தபோது அவர்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் இல்லை.

வெல்லாவெளிப் பக்கத்தில் மகனோடு வசிக்கும் என் மாமி அப்படி எழுந்து ஓடியவர்களில் ஒருவர். காணி உறுதி, அடையாள அட்டை, அரச நிவாரணமான அஸ்வெசும வரும் வங்கிப் புத்தகம் ஆகிய மூன்றையும் ஒரு ஷொப்பிங் பையில் போட்டு, பையின் வாயை முடிந்து, அதை இன்னொரு பைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார். இது 1957 வெள்ளத்தைச் சிறுமியாகவும் 1978 சூறாவளியைக் குடும்பத் தலைவியாகவும் கண்ட ஒருவரின் ஒழுங்கு. மகன் உங்கள் பட்டியில் ஓடிய இலக்கத்துக்குத் திரும்பத் திரும்ப எடுத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. அயலவர்களோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஏறுவதற்கு முன்னர் மாமி பட்டியைப் பார்த்து, “அதுகள அவிட்டு உடு மனே, கயித்தோட சாகப்படா” என்று சொல்ல, கறவை மாடுகளும் கன்றுகளும் இருட்டில் அவிழ்த்து விடப்பட்டன. மேட்டிலிருந்த பாடசாலையின் சாவி யாரிடம் என்று தெரியாமல் எல்லோரும் விறாந்தையில் மழைச்சாரலில் நின்றபோதுதான், ஒரு பொடியன் கைபேசியில் பார்த்துவிட்டு இது பகிடி என்று சொல்லியிருக்கிறான். மாமி நம்பவில்லை. செய்தி வாசிக்கிற பிள்ளை பொய் சொல்லுமா, இந்தப் பொடியன் சொல்லுவானா என்று விடியும்வரை அங்கேயே இருந்துவிட்டார்.

விடிந்தபோது மாடுகள் அடுத்தவருடைய வயல் வரவையில், ஒரு மாதப் பயிருக்குள் நின்றன. வயல்வெளிப் பொறுப்பாளரான வட்டைவிதானை முன்னிலையில் பேசி, பெரும்போக அறுவடை முடிந்ததும் ஐந்து மூடை நெல் கொடுப்பதாக முடிவானது. வயற்காரரைக் குறை சொல்ல முடியாது. அவருடைய பயிர் மெய்யாகவே அழிந்தது. உங்கள் நகைச்சுவைக்கு எங்கள் குடும்பம் எடுத்த நுழைவுச்சீட்டின் விலை ஐந்து மூடை நெல் என்பதை உங்கள் கணக்குப் பிரிவினருக்கும் அறியத் தாருங்கள்.

எந்தக் குளம் என்று பெயர் சொல்லாமல் விட்டதை நீங்கள் ஒரு பாதுகாப்பு என்று நினைத்திருக்கக் கூடும். நடந்தது நேர்மாறானது. பெயர் இல்லாததால் ஒவ்வொருவரும் தமக்கு அருகிலுள்ள குளத்தை அதில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். மாமிக்கு அது நவகிரி. வவுணதீவில் இருப்பவருக்கு உன்னிச்சை. நாவிதன்வெளியில் இருப்பவருக்குச் சேனாநாயக்க சமுத்திரம். ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் ஓர் ஊர் மட்டும் ஓடியிருக்கும். “பூசணிக்காய்க் குளம்” என்று சிரிப்பாக ஒரு பெயரை இட்டிருந்தால் ஒருவரும் ஓடியிருக்க மாட்டார்கள், அதோடு முதல் நிமிடத்திலேயே சிரிப்பும் வந்திருக்கும்.

அடுத்த வார நிகழ்ச்சியின் தொடக்கத்தில், மக்கள் நம்பும் அளவுக்கு நடித்தது கலைஞர்களின் வெற்றி என்று உங்கள் தொகுப்பாளர் பெருமைப்பட்டதைக் கேட்டேன். நம்பத்தக்க நகைச்சுவை என்றால் என்ன என்பதில் உங்களுக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பிபிசி 1957 ஏப்ரல் 1 அன்று, சுவிற்சர்லாந்தில் மரங்களிலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்யப்படுவதாக ஒரு சிறு செய்திப்படத்தைத் தனது நடப்பு விவகார நிகழ்ச்சியில் காட்டியது. பெரிதும் மதிக்கப்பட்ட ரிச்சர்ட் டிம்பிள்பி துளியும் சிரிக்காமல் அதற்குக் குரல் கொடுத்தார். நம்பியவர்கள் இருந்தார்கள், அந்த மரத்தை எப்படி வளர்ப்பது என்று கேட்டவர்களும் இருந்தார்கள். சொன்ன முறை முழுவதும் மெய்போல இருந்தது, சொன்ன விடயமோ கண்முன்னே நகைப்புக்கிடமாக இருந்தது, நம்பியவருக்கு வெட்கத்தைத் தவிர நட்டம் எதுவும் இல்லை. உங்கள் நிகழ்ச்சியில் முறையும் மெய், விடயமும் மெய். மாரி காலத்தில் குளம் உடைவது எங்களுக்குக் கற்பனை அல்ல, வருடாந்தக் கவலை. பொய்யாக இருந்தது நிருபரின் நனையாத சட்டை ஒன்றுதான். அதைக் கவனிக்கும் நிதானம் அந்த நேரத்தில் யாருக்கு இருந்திருக்கும்?

அதே பிபிசி 1992 ஒக்டோபர் 31 அன்று, முன்கூட்டியே ஒளிப்பதிவு செய்த ஒரு பேய்வீட்டு நாடகத்தை, மைக்கேல் பார்க்கின்சன் போன்ற நன்கறிந்த தொகுப்பாளர்களைக் கொண்டு நேரலை போலவே காட்டியது. நேயர்கள் அழைப்பதற்கு உண்மையான தொலைபேசி இலக்கமும் திரையில் இருந்தது. இணைப்புக் கிடைத்தவர்களுக்கு இது கற்பனை என்று சொல்ல ஏற்பாடு இருந்தது. ஆனால் அழைப்புகள் குவிந்து பலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. பிரித்தானியத் தொலைக்காட்சியில் பிபிசி அதை மீண்டும் ஒளிபரப்பவில்லை. நிலைமை இன்னும் மோசமானது ஜோர்ஜியாவில். 2008 ஓகஸ்டில் மெய்யான போரைக் கண்ட அந்த நாட்டில், 2010 மார்ச் 13 அன்று இமெடி தொலைக்காட்சி ரஷ்யப் படைகள் மீண்டும் நுழைந்துவிட்டதாக ஒரு கற்பனைச் செய்தியைக் காட்டியது. தொடக்கத்தில் மட்டும் ஓர் அறிவிப்பு வந்தது. இடையில் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு அது செய்தியாகவே இருந்தது, நாடு கலங்கிப் போனது. நீங்களும் தொடக்கத்தில் ஓர் அறிவிப்புப் போட்டதாகச் சொல்கிறீர்கள். அதைப் பார்த்தவர்கள் இருக்கக் கூடும். ஆனால் எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய துண்டில் அந்த அறிவிப்பும் இல்லை, இறுதியில் வந்த குழியும் இல்லை. நடுவிலிருந்த சிவப்புச் சின்னமும் வெளியேறச் சொன்ன பட்டியும்தான் இருந்தன. அதனால்தான் சின்னத்தைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

எங்கள் வடமோடிக் கூத்துக் களரியில் கட்டியகாரன் வந்து அரசன் வருகிறான் என்று அறிவித்த பிறகே அரசனுக்கு வரவு. கிரீடம் வைத்து ஆடுபவர் அடுத்த வளவுக்காரர் என்பது சபையிலுள்ள குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் விடியப்புறத்தில் அவர் அழுதால் சபையும் அழுகிறது, கோமாளி ஒரு சொல் சொன்னால் சபை உருண்டு சிரிக்கிறது. வேடம் வேடம்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுவதால் நம்பிக்கை குறைவதில்லை. ஆடுபவருக்கு ஆட்டம் தெரிந்தால் போதும்.

இடையில் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த நிகழ்ச்சியில் படுவான்கரை விவசாயியாக வந்தவர் ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் பிறகு என்று பொருள்படும் ஒரு “மறுகா” போட்டுப் பேசினார். எங்கள் பேச்சில் அந்தச் சொல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பயத்தில் இருக்கும் மனிதன் அப்படி எண்ணி வைத்துப் பேசுவதில்லை. வெல்லாவெளி வீதி மெய்யாகவே நீருக்குள் போய், மண்டூருக்கும் வெளியுலகுக்கும் இடையில் போக்குவரத்து அறுந்துபோகும் நாட்களில் உங்கள் நேரலை வாகனத்தை நாங்கள் கண்டதில்லை. கிட்டங்கிப் பாதையில் நீர் ஏறும்போதும் கண்டதில்லை. உண்மையான வெள்ளத்துக்கு வழி தெரியாத நேரலை, பொய் வெள்ளத்துக்கு மட்டும் குடையோடு வந்து சேர்ந்தது எப்படி என்று ஊரில் ஒருவர் கேட்டார்; என்னிடம் பதில் இருக்கவில்லை. வருடம் முழுவதும் எங்களைக் காட்டாமல் இருந்துவிட்டு, காட்டும்போது நீரில் நிற்பவர்களாகவும் உச்சரிப்பால் சிரிக்க வைப்பவர்களாகவும் மட்டும் காட்டுவது எந்த ஒலிபரப்புக் கொள்கையில் எழுதப்பட்டிருக்கிறதோ? மன்னிக்கவும், அது வேறு மடலுக்குரிய விடயம்.

மடலின் விடயத்துக்கே திரும்புகிறேன். 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்து சுனாமி எச்சரிக்கை வந்தபோது, வாவிக்குக் கிழக்கே கடலோரமுள்ள எழுவான்கரை மக்கள் வானொலியையும் தொலைக்காட்சியையும் நம்பிக் கடற்கரையை விட்டு நகர்ந்தார்கள். அலை வரவில்லை. ஆனாலும் ஏமாற்றிவிட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை, ஏனெனில் எச்சரித்தவர்கள் நேர்மையாக எச்சரித்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று அப்படி ஒரு குரல் இருந்திருந்தால் என்று இன்றும் ஏங்கும் கரை இது. அந்தக் குரலுக்குரிய அடையாளம்தான் உங்கள் திரை மூலையிலுள்ள சிவப்புச் சின்னம். அந்த ஞாயிறுக்குப் பின் வந்த வாரத்தில், வான்கதவு திறக்கப் போவதாக ஒலிபெருக்கியில் மெய்யான அறிவித்தல் போனபோது, மாமி எழுந்திருக்காமல், இதுவும் ரீவிக்காரர்களின் வேலையாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். நல்ல காலம், நீர் அவர் வளவுவரை ஏறவில்லை.

ஆகவே போலி நேரலைகளை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் குழியைப் போல இன்னும் பல குழிகள் இங்கே உங்களுக்காகக் காத்திருக்கின்றன. செய்திப் பிரிவின் நேரலைச் சின்னத்தையும் அவசரப் பட்டியையும் அந்தப் பிரிவிடமே விட்டுவிட்டு, நகைச்சுவைக்கென்று பார்த்த மாத்திரத்தில் வேறுபடும் ஒரு சின்னத்தைச் செய்து, எந்தத் துண்டை வெட்டினாலும் அதில் இருக்கும்படி நிகழ்ச்சி முழுவதும் திரையில் வைத்திருங்கள். அவசர இலக்கம் எதையும் வேடிக்கைக்காக ஓட விடாதீர்கள். ஓட விடுவதாயின் அதை எடுத்துப் பேச ஓர் ஆளை இருத்துங்கள். இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு வரைகலைஞரின் அரைநாள் வேலைதான். மாரி காலம் முடிய இன்னும் நாள் இருப்பதால், அடுத்த பகுதி ஒளிபரப்பாவதற்கு முன்னரே இதைச் செய்து, செய்துவிட்டதாக உங்கள் திரையிலேயே ஒரு வரி அறிவிக்குமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மண்டூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்